ஃபிட்ஸ்ஜெரால்டின் விடுபட்ட பத்தாண்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை ஆசையோடு படித்தேன். 1934இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் உள்ள அப்பல்லோ அரங்கில், ஆடுவதற்கென்று போன 17 வயதுப் பெண் கடைசி நேரத்தில் பாடிப் பரிசு வென்றதை அழகாக எழுதியிருக்கிறீர்கள். சரி, அதன் பிறகு? கட்டுரை ஒரே தாவலில், ‘சாங் புக்’ இசைத்தொகுப்புகள் தொடங்கிய 1956க்குப் போய்விடுகிறதே!

அவர் உண்மையில் வளர்ந்தது இடையில்தான். டிரம்ஸ் கலைஞர் சிக் வெப்பின் குழுவில் பாடித் தாளத்தை வசப்படுத்தினார். 1939இல் வெப் இறந்ததும் அந்தக் குழு சில ஆண்டுகள் இவர் பெயரிலேயே இயங்கியது. அப்புறம் வந்தது பீபாப் என்ற வேகமான, சிக்கலான புதுவகை ஜாஸ். அதன் முன்னோடியான டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியின் குழுவோடு ஊர் ஊராகப் போனபோது, டிரம்பெட்டும் சாக்ஸபோனும் செய்வதைத் தன் குரலால் செய்து பார்த்தார். சொற்களை விட்டு, வெறும் அசைகளில் அந்த நொடியின் கற்பனையைப் பாடும் ‘ஸ்கேட்’ பாணி அவரிடம் முதிர்ந்தது அப்போதுதான். அவருக்கு முன்பே லூயி ஆம்ஸ்ட்ராங் அப்படிப் பாடியிருக்கிறார். ஆனால் அந்த வேகத்தில், சுருதி இம்மியும் பிசகாமல் பாடியதில் ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு இணையாக யாரையும் நான் கேட்டதில்லை.

இசைத் தயாரிப்பாளர் நார்மன் கிரான்ஸ் தயாரித்த, பெரும்பாலும் ஒவ்வொரு பாடலாக்குநரின் பாடல்களையும் தனித்தனியாகத் தொகுத்த அந்த ‘சாங் புக்’ தொகுப்புகள் பெரும்புகழ் தந்தன, மறுக்கவில்லை. அவற்றில் கேட்கும் நிதானமே அந்த 1940களின் உழைப்பில் வந்ததுதான். அந்த ஆண்டுகளுக்கென்று தனியாக ஒரு கட்டுரை வெளியிடுங்கள். கேட்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலையும் சேர்த்தால் ஜாஸுக்குப் புதியவர்களுக்கு உதவும்.

வாசகர், திருச்சி