குடியிருப்போர் நலச்சங்கம்: 2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். தெருவிளக்கு மனுக்களுக்கு இன்னும் ஒரு வயது கூடியிருக்கிறது, வேறு முன்னேற்றமில்லை.

இவ்வாண்டின் பெரிய வேலை கணக்கெடுப்புதான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி வெள்ளம் நம் தெருவுக்குள் வந்தபோது அரசின் எச்சரிக்கையை யார் நம்பினார்கள், யார் நம்பவில்லை என்று வீடு வீடாகக் கேட்கச் சொல்லிப் பொதுக்குழு தீர்மானித்திருந்தது.

முதல் சுற்று வீண். குற்றம் என்னுடையது. "அதிகாரிகள் மீது நம்பிக்கை இருக்கிறதா?" என்று நான் எழுதிய கேள்விக்கு வீட்டுக்கு வீடு "இருக்கிறது" என்றே பதில் வந்தது. நோட்டுடன் நின்றவரை நிவாரணக் கணக்கெடுக்க வந்தவர் என்று நினைத்திருக்கிறார்கள். வெள்ள நிவாரணம் 6,000 ரூபாய் விட்டுப்போன ஒருவர், "இருக்கிறது என்றே போடுங்கள் அண்ணாச்சி, பட்டியலில் பெயரும் சேர்ந்துவிடும்" என்றார்.

அடுத்த சுற்றில் நம்பிக்கை என்ற சொல்லையே எடுத்துவிட்டோம். பெயரும் எழுதவில்லை. அன்றிரவு எப்போது வெளியேறினீர்கள், யார் சொல்லி, அவ்வளவே கேள்வி. அப்போதுதான் பேச்சு வந்தது. அணையில் இத்தனை ஆயிரம் கனஅடி திறப்பதாக ஒலிபெருக்கி சொன்னதைக் கேட்டுவிட்டுப் படுக்கப் போனவர்கள் பலர். கனஅடி தம் வாசலில் எத்தனையாவது படி என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஆற்றுக்குள்ளேயே இருக்கும் குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்கிவிட்டது என்று கேட்ட பிறகே பாத்திரம் பண்டத்தை மாடிக்கு ஏற்றியிருக்கிறார்கள். 1992 வெள்ளத்தைக் கண்ட பெரியவர்கள் எவர் சொல்லுக்கும் காத்திருக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டும் என்று யார்தான் சொல்லியிருக்க முடியும் என்று அதிகாரிகளுக்காக வாதாடியவர்களும் உண்டு.

அரசை நம்பவில்லை என்று அடித்துச் சொன்னவர்களே, கதவைத் தட்டி எழுப்பிய கிராம உதவியாளரைப் பெயர் சொல்லி வாழ்த்தினார்கள். அவர் வாங்குவதும் அரசுச் சம்பளந்தான். அணை உடைந்துவிட்டது என்ற வாட்ஸ்அப் புரளியை நம்பிக் கிளம்பியதால் தப்பியவர்களை எந்தக் கட்டத்தில் சேர்ப்பது என்று குழுவில் இன்னும் தகராறு நடக்கிறது.

ஒரு குறை உண்டு. தரைத்தளத்தில் குடியிருந்து எல்லாம் இழந்த வாடகைக்காரர்கள் பலர் வீடு மாறிப் போய்விட்டார்கள். நாங்கள் கேட்டது பெரும்பாலும் மாடியுள்ளவர்களை.

வெள்ளம் நின்ற உயரத்தைத் தெருவுக்கு ஒரு சுவரில் சிவப்புக் கோடாக வரையச் செயற்குழு முடிவு செய்துள்ளது. இனி அறிவிப்பு வந்தால் அந்தக் கோட்டைக் காட்டிப் பேசலாம். சுவர் தர விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லவும். பெயிண்ட் செலவு சங்கத்தைச் சேர்ந்தது.

செயலாளர்