மாரியம்மன் பேரில் ஒரு கையெழுத்து

அன்புள்ள மகளுக்கு,

பெரியவனுக்குத் தட்டம்மை ஊசி வேண்டாம் என்று பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கும் கடிதத்துக்காக நீ கேட்ட அந்த இரண்டு வரியை நான் எழுதித் தரப்போவதில்லை. உன் அப்பச்சி தமிழ் வாத்தியாராக இருந்து ரிட்டையர் ஆனவர், நம் சமயத்தில் தடுப்பூசிக்கு எதிராக ஏதாவது ஒரு பாட்டு வரி அவருக்குத் தெரியாதா என்று மாப்பிள்ளை கேட்கச் சொன்னாராம். தேடினால் எதற்கும் ஒரு வரி கிடைக்கும். அதனால்தான் தேடவில்லை.

நீ அனுப்பிய பள்ளிக்கூடக் காகிதங்களை முழுதாகப் படித்தேன். நியூ ஜெர்சியில் பயமாக இருக்கிறது, கொள்கை அளவில் உடன்பாடில்லை என்றெல்லாம் சொன்னால் செல்லாது. உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்றால் டாக்டர் எழுதித் தர வேண்டும். இல்லாவிட்டால், இந்த ஊசி எங்கள் சமய நெறிக்கு எப்படி முரண்படுகிறது என்று பெற்றவர்கள் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பக்கத்து நியூயார்க்கில் அந்த வழியை 2019 ஜூனில் மூடிவிட்டார்கள். புரூக்ளின் பக்கம் தட்டம்மை பரவியதுதான் காரணம். கலிபோர்னியா 2015இலேயே மூடியது. உங்கள் மாநிலத்திலும் 2020 ஜனவரியில் முயன்றார்கள். தலைநகர் டிரென்டனில் பெற்றோர்கள் திரண்டு வந்து கோஷம் போட, செனட்டில் ஓட்டுச் சேராமல் மசோதா நின்றுவிட்டது. மிசிசிப்பியில் கதை தலைகீழ்: 1979இல் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் அடைத்த கதவை 2023இல் மத்திய நீதிமன்றம் திறந்துவிட்டது. இந்த இழுபறி இப்போதைக்கு முடியாது. முடியும்வரை உங்களுக்கு அந்தச் சலுகை இருக்கிறது, சரி. ஆனால் பெரியவனுக்கு ஒரு வயதில் முதல் ஊசி போட்டபோது இல்லாத சமய நெறி, ஐந்து வயதில் இரண்டாவது ஊசிக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

மாப்பிள்ளை எழுதி வைத்திருக்கும் காரணங்களில் முதலாவது, அம்மை நோய் நமக்குத் தெய்வம், அதைத் தடுப்பது அபசாரம் என்பது. இதை எழுதியவர் அம்மை கண்ட வீட்டைப் பார்த்திருக்க மாட்டார். நம் வளவில் யாருக்காவது முத்துப் போட்டால் என்ன செய்வோம் என்று உனக்குத் தெரியும். நிலையில் வேப்பிலை செருகிவிட்டால் அடுத்த வீட்டுக்காரர்கூட உள்ளே வர மாட்டார். அடுப்பில் தாளிப்பு கிடையாது. அந்த வீட்டார் விசேஷத்துக்குப் போக மாட்டார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப மாட்டார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் எல்லாம். ஆத்தா வந்திருக்கிறாள் என்று கும்பிடுவதும், அவள் அடுத்த வீட்டுப் பிள்ளைமேல் இறங்கிவிடக் கூடாது என்று பார்ப்பதும் நம்மிடம் சேர்ந்தேதான் இருந்தன. உங்கள் ஐயா 1950களில் கொண்டுவிற்க, அதாவது கடல்கடந்து வியாபாரத்துக்கு, போனபோது, அம்மை குத்திய சர்ட்டிபிகேட் இல்லாமல் பினாங்குக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். குத்திக்கொண்டுதான் போனார், திரும்பி வந்து படைப்பும் நடத்தினார். 1975க்குப் பிறகு நம் நாட்டில் பெரியம்மையே கிடையாது. அதற்காக மாசி பங்குனியில் முத்துமாரியம்மனுக்குப் பால்குடம் எடுக்கும் கூட்டம் குறைந்துவிட்டதா?

இரண்டாவது காரணம் ஜெலட்டின். இது முதல் காரணம் மாதிரி இல்லை, இதில் விஷயம் இருக்கிறது. அங்கே தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா என்ற மூன்று நோய்க்கும் சேர்த்து வழக்கமாகப் போடும் எம்எம்ஆர் ஊசியில் பன்றியிலிருந்து எடுத்த ஜெலட்டின் கொஞ்சம் உண்டு. சம்பந்தி வீட்டில் சுத்த சைவம். அவர்கள் முகம் சுளிப்பது நியாயம்தான். ஆனால் சம்பந்தி காலையில் விழுங்குகிறாரே அந்த மீன் எண்ணெய் மாத்திரை, அதற்குப் பெயரே மீன் எண்ணெய், அதன் கூடும் பெரும்பாலும் ஜெலட்டின்தான். அதற்கு யாரும் சமய நெறி எழுதிக் கொடுக்கவில்லை. போகட்டும். பிரையோரிக்ஸ் என்று ஒரு ஊசி, அதுவும் இதே மூன்று நோய்க்குத்தான், 2022இலிருந்து அமெரிக்காவிலும் அனுமதி பெற்றிருக்கிறது. அதில் ஜெலட்டின் கிடையாது. உங்கள் டாக்டரிடம் அதைக் கேள்.

2017இல் இங்கே தட்டம்மை, ருபெல்லா ஊசியை ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் போட்டார்கள். நான் அப்போது சர்வீஸில் இருந்தேன். ஊசி ஆபத்து என்று வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி சுற்றியது. ஊசி நாளன்று பாதி வகுப்பு காலி. வந்த தாய்மார்களும் கேட்டைப் பிடித்துக்கொண்டு, "எதுவும் ஆச்சுன்னா யார் சார் பொறுப்பு?" என்றார்கள். ஒருத்தராவது சாமியைக் காரணம் சொல்லவில்லை. மஞ்சள் சேலை கட்டி, கையில் காப்புக் கட்டிய ஒரு பெண் மகளை இழுத்துக்கொண்டு வந்தாள். காப்புக் கட்டிய வீடாயிற்றே என்று நர்ஸம்மா தயங்கினார். அந்தப் பெண், "பூப்போட்டுக் கேட்டாச்சு. வெள்ளப் பூ வந்துருச்சு. நீங்க ஊசியப் போடுங்க" என்றாள். மற்றவர்கள் அவளைப் பார்த்தார்கள். அப்புறம் வரிசை மெல்ல நகர்ந்தது.

இங்கே பள்ளியில் சேர்க்க ஊசி கட்டாயம் என்று சட்டம் இல்லை. யாரையும் வற்புறுத்தி ஊசி போடக் கூடாது என்று உச்ச நீதிமன்றமே 2022இல் சொன்னது. கொரோனா ஊசி பற்றிய வழக்கு அது. எனக்கும் கட்டாயம் அவ்வளவாகப் பிடிக்காது. பயந்தவரைச் சட்டம் காட்டி மிரட்டினால் பயம் கூடத்தான் செய்யும். மனசார நம்பி, எந்த மருந்தும் தொடாமல் வாழ்கிற சமூகத்தார் அங்கே இருக்கலாம். அவர்களுக்கு அந்தச் சலுகை வேண்டுமா கூடாதா என்பதில் என்னால் சட்டென்று ஒரு பக்கம் நிற்க முடியவில்லை. தட்டம்மை நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேராவது ஊசி போட்டிருந்தால்தான் அடங்கும். மிச்ச ஐந்து இடம், புற்றுநோய்க்கு மருந்து எடுக்கும் பிள்ளைக்கும் ஊசி போடும் வயதே வராத சிசுவுக்கும் உரியது. சந்தேகம் வந்ததால் சாமியைத் துணைக்கு அழைப்பவர்கள் அதில் போய் உட்காரக் கூடாது என்பதில் மட்டும் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

அந்த சிசு உன் வீட்டிலேயே இருக்கிறாள். சின்னவளுக்கு ஏழு மாதம். அங்கே முதல் ஊசி ஒரு வயதில்தான். தட்டம்மைக்காரர் எழுந்து போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை கிருமி அந்த அறைக் காற்றில் நிற்கும். பெரியவன் பள்ளியிலிருந்து வந்ததும் முதலில் அவளைத்தான் கொஞ்சுவான். மாப்பிள்ளை எழுதும் கடிதத்தில் அவள் பெயர் இல்லை, கவனித்தாயா?

மாப்பிள்ளைமேல் எனக்குக் கோபம் இல்லை. பயம் என்றால் டாக்டர் முன்னால் உட்கார்ந்து பயம் என்றே சொல்லட்டும். முதல் ஊசிக்குப் பெரியவனுக்குக் காய்ச்சல் வந்ததே, அதிலிருந்து தொடங்கிக் கேட்கட்டும். ஞாயிறு காலை, உங்களுக்குச் சனி ராத்திரி, நானே அவரைக் கூப்பிடுகிறேன்.

திருவிழாவுக்கு வருவதாகச் சொன்னாயே, அதற்கும் சேர்த்துக் கேட்டுவிடு. வெளிநாடு போகும் குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்திருந்தாலே முன்கூட்டி ஒரு ஊசி போடுவார்கள். அது கணக்கில் சேராது, ஒரு வயதுக்குப் பிறகு வழக்கமான இரண்டும் போட வேண்டும். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே போட்டுவிடுங்கள். டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல். ஆயா சீப்புச் சீடைக்கு மாவு இடித்து வைக்க வேண்டுமாம்.

அன்புடன்,
அப்பச்சி