ஆலைக்குக் கொடுத்தீர்கள், நொதிக்கும் கொடுங்கள்

மத்திய பெட்ரோலியம், இயற்கை எரிவாயு அமைச்சகத்துக்கு,

வணக்கம். ஹரியானாவின் பானிபட்டில், வைக்கோல் போன்ற பயிர்க்கழிவிலிருந்து எத்தனால் எடுக்கும் இந்தியன் ஆயிலின் 'இரண்டாம் தலைமுறை' ஆலை 2022 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. செலவு 900 கோடிக்கு மேல். ஆண்டுக்கு இரண்டு லட்சம் டன் வைக்கோலிலிருந்து மூன்று கோடி லிட்டர் எத்தனால் எடுப்பதாகச் சொன்னீர்கள். பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் நிலைக்கும் வந்துவிட்டோம், சரி. ஆனால் அதில் பெரும்பகுதி கரும்பிலும் மக்காச்சோளத்திலும் இந்திய உணவுக் கழகத்து அரிசியிலும் இருந்து வந்தது. வைக்கோலின் பங்கு சொற்பம். பஞ்சாபில் தாளடிக்குத் தீ வைப்பதும் நின்றபாடில்லை.

சிக்கல் நொதியில் (என்சைமில்) இருக்கிறது. எத்தனாலாகப் புளிக்க முதலில் சர்க்கரை வேண்டும்; பயிர்ப்பொருளை உடைத்து அதைத் தருவது நொதிதான். அரிசியின் மாவுச்சத்து எளிதில் சர்க்கரையாகிவிடும். வைக்கோலிலோ சர்க்கரை செல்லுலோஸ் என்ற நாராகப் பின்னிக் கிடக்கிறது; அதை லிக்னின் என்ற பசைபோன்ற பொருள் இறுகப் பிடித்திருக்கிறது. அமிலமும் நீராவியும் கொடுத்து அந்தப் பிடியைத் தளர்த்திய பிறகுதான் நொதி உள்ளே போக முடியும். ஆய்வகத்தில் பார்த்தால் தெரியும்: முதல் நாள் வைக்கோல் கூழ் கரண்டி போட்டால் நிற்கும் அளவுக்குக் கெட்டியாக இருக்கும். 50 டிகிரி சூட்டில் நொதி வேலை செய்யச் செய்ய, மறுநாள் ரசம்போல இளகிவிடும். முழுதும் சர்க்கரையாக இரண்டு மூன்று நாள் ஆகும். அத்தனை நாளுக்கும் நிறைய நொதி வேண்டும், அது விலை உயர்ந்தது.

இதில் பெயர் பெற்ற பூஞ்சை ட்ரைக்கோடெர்மா ரீசை. இரண்டாம் உலகப் போரில் சாலமன் தீவுகளில் அமெரிக்க ராணுவத்தின் கூடாரத் துணிகளைத் தின்று தீர்த்ததால் அகப்பட்டது! அதற்கும் ஒரு குறை உண்டு. கடைசிக் கட்டத்தில் செல்லோபயோஸை (இரண்டு சர்க்கரை ஒட்டிய துண்டை) உடைக்கும் நொதியை அது போதிய அளவு சுரக்காது. உடையாத செல்லோபயோஸ் தேங்கி மற்ற நொதிகளின் வேலையையும் மந்தமாக்கும். ஆகவே ஆஸ்பெர்ஜில்லஸ் போன்ற வேறு பூஞ்சையின் நொதியையும் சேர்த்துக் கலவையாகப் போடுகிறார்கள். அந்தக் கலவையின் பக்குவம் சில பன்னாட்டு நிறுவனங்களின் கையில் இருக்கிறது.

நம்மிடம் ஆளில்லாமல் இல்லை. டெல்லியில் ஐசிஜிஇபி என்ற பன்னாட்டு மரபணுப் பொறியியல் ஆய்வகத்தில் பெனிசிலியம் ஃபுனிகுலோசம் என்ற பூஞ்சையை வைத்து நல்ல வேலை நடந்திருக்கிறது. குடுவையில் நடந்ததைப் பெரிய தொட்டிக்குக் கொண்டுபோகத்தான் பணம் வேண்டும். இத்தகைய எத்தனால் ஆலைகளுக்காக 2019இல் வந்த ஜீ-வன் திட்டத்தில் ஆலை கட்ட 150 கோடி வரை கொடுக்கிறீர்கள். உள்நாட்டு நொதியை இத்தனை ஆண்டு வாங்கிக்கொள்கிறோம் என்று ஓர் ஒப்பந்தமும் போடுங்கள். ஆலை வளாகத்திலேயே, அதே வைக்கோலில் பூஞ்சையை வளர்த்தால் நொதியைச் செறிவாக்கி லாரியில் ஏற்றும் செலவும் மிச்சம்.

எங்கள் டெல்டாவில் வைக்கோல் பெரும்பாலும் மாட்டுக்குப் போய்விடும், அதில் கை வைக்க வேண்டாம். பருத்திமாரும் கரும்புச் சோகையும்தான் வயலில் எரிகின்றன. உள்நாட்டு நொதியை அவற்றிலும் சோதித்துப் பாருங்கள்.

அப்புறம் பானிபட் கணக்கு. உங்கள் இலக்குப்படி டன்னுக்கு 150 லிட்டர் வர வேண்டும். உண்மையில் எவ்வளவு வருகிறது, டன்னுக்கு எத்தனை கிலோ நொதி செலவாகிறது என்பதை ஆண்டுதோறும் வெளியிடுங்கள். பொதுப்பணத்தில் நடக்கும் ஆலை, கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறது.

இப்படிக்கு,
நுண்ணுயிரியல் ஆசிரியர் ஒருவர்,
தஞ்சாவூர்