பல்லடம் போய்வர ஒரு கார்

சிங்காநல்லூர்,
ஞாயிறு மாலை

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இனிமேல் சீரியல் பார்ப்பதைத் தடுக்க உன்னிடம் காரணமே இல்லை!

பதில் தாமதமானதற்குக் காரணம், மூன்று ஞாயிறும் கார் ஷோரூம்களில் கழிந்துவிட்டன. எனக்குத்தான் கார். ஹாஸ்டலில் வாட்ச்மேன் சைக்கிளை வாங்கி ஓட்டி முருங்கை மரத்தில் மோதியவள், 48 வயதில் எல் போர்டோடு திருச்சி ரோட்டில் போகிறேன். சிரிக்காதே.

பல்லடத்துக்கு மாற்றலானதிலிருந்து பஸ்ஸோடு மல்லுக்கட்டுதான். வீட்டிலிருந்து பள்ளி 30 கிலோமீட்டர். திருச்சி, கரூர் பஸ்கள் காலியாகவே நிற்கும். படியில் கால் வைத்தால் “பல்லடம் ஏறாதீங்க” என்று குரல் வரும். இரண்டு வருடம் பொறுத்துப் பார்த்தேன். 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு வரி 29 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. சரி, இப்போது வாங்காவிட்டால் எப்போதும் வாங்க மாட்டோம் என்று இறங்கிவிட்டேன்.

இறங்கிய பிறகுதான் குழப்பமே. மாருதியின் ஆல்டோ கே10, செலேரியோ, வேகன்ஆர் மூன்றையும் ஓட்டிப் பார்த்தேன். மூன்றிலும் இருப்பது ஒரே 998 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சின்! (வேகன்ஆரில் பெரிய எஞ்சினும் உண்டு, அது எனக்கு வேண்டாம்.) பிறகு எதற்கு மூன்று பெயர் என்று கேட்டால் டிக்கியைத் திறந்து காட்டுகிறார்கள். ஆல்டோவில் 214 லிட்டர், செலேரியோவில் 313, வேகன்ஆரில் 341. என் டிக்கியில் போகப்போவது விடைத்தாள் கட்டும் சாப்பாட்டுப் பையும். ரெனோ க்விட்டையும் பார்த்தேன். நம் ஒரகடத்தில் செய்யும் வண்டி என்று ஒரு பாசம், பார்க்கவும் மிடுக்குதான். ஏனோ மனம் ஒட்டவில்லை.

வேகன்ஆர்தான் முதலில் பிடித்தது. உயரமான இருக்கை. புடவையோடு சிரமமில்லாமல் ஏறி இறங்கலாம், ரோடு நன்றாகத் தெரிகிறது. அத்தையையும் கூட்டிப் போயிருந்தேன். முட்டி வலிக்காரர், நாற்காலியில் உட்காருவதுபோல உட்கார்ந்தார், எழுந்தார். “இதையே எடு கண்ணு, பழனிக்குப் போக வசதி” என்றார். வீட்டுக்காரரும் அதற்கே தலையாட்டினார். முடிந்தது என்று நினைத்தேன்.

தம்பிதான் கெடுத்தான். அவன் டாடா டியாகோ வைத்திருக்கிறான். குளோபல் என்கேப் என்ற அமைப்பின் மோதல் சோதனையில் டியாகோவுக்கு 2020ல் ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். 2023ல் வேகன்ஆருக்கு ஒன்று, ஆல்டோவுக்கு இரண்டு. இப்போது மாருதி மூன்றிலும் ஆறு ஏர்பேக் போட்டுவிட்டார்களே என்றேன். “அக்கா, நீ போற ரோட்டை ஒரு தடவை பார்த்துட்டு அப்புறம் சொல்லு” என்று போனை வைத்துவிட்டான்.

மறுநாள் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. காரணம்பேட்டை பக்கம் கல்குவாரி டிப்பர் லாரிகள் வரிசையாக வருகின்றன. இரண்டு வருடமாகப் பார்க்கும் லாரிகள்தான். அன்றைக்குத்தான் ஒவ்வொன்றின் பம்பரும் என் கண் உயரத்துக்கு வருவதாகத் தோன்றியது. பழனிக்கு வருடத்தில் இரண்டு முறை போவோம். பல்லடத்துக்கு மாதம் 22 நாள், அதுவும் தனியாக. யாருக்காகக் கார் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே சந்தேகம் வந்தது.

கணக்கும் போட்டேன், அது இல்லாமல் எனக்குத் தூக்கம் வராதே. மாதம் 1,320 கிலோமீட்டர். வேகன்ஆருக்குக் கம்பெனி சொல்வது லிட்டருக்கு 24.35. அதே வண்டி வைத்திருக்கும் எங்கள் பள்ளிக் கணக்கு டீச்சருக்குக் கிடைப்பது 19தான். தம்பிக்கு டியாகோவில் 16. ஆக மாதம் 13 லிட்டர் அதிகம், 1,300 ரூபாய்க்கு மேல் போகும். மைலேஜ் பெரிது என்று சொல்லிக்கொண்டு கிளம்பியவள் நான். எழுதி வைத்துப் பார்த்தபோது அந்தத் தொகை அவ்வளவு உறுத்தவில்லை. டியாகோ என்று முடிவு செய்துவிட்டேன்.

டியாகோவில் குறை இல்லாமல் இல்லை. இருக்கை தாழ்வு, அத்தை இறங்கும்போது கைகொடுக்க வேண்டும். சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங்கில் லேசான நடுக்கம் தெரிகிறது. கிளட்ச் மிதித்து மிதித்து ஒண்டிப்புதூர் தாண்டுவதற்குள் கால் போய்விடும் என்பதால் ஏஎம்டி எடுத்தேன். மேனுவல் கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் பெட்டிதான் அது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு சின்னத் தலையாட்டல். பழகிவிடும் என்கிறார்கள்.

புக்கிங் அன்று ஒரு கூத்து. விலைப்பட்டியலில் ‘ஹேண்ட்லிங்’ என்று ஒரு தொகை. எதற்கு என்று கேட்டேன், அந்தப் பையனுக்கும் தெரியவில்லை. உள்ளே போய்க் கேட்டுவந்து அந்தத் தொகையை அடித்துவிட்டான். கேட்காதவர்கள் கட்டிவிட்டுத்தான் போகிறார்கள் போல. நம் மாநில ஆயுள் வரியையும் கவனி. 5 லட்சம் வரை 12 சதவீதம், அதைத் தாண்டி 10 லட்சம் வரை 13. உன் மகன் கார் பார்க்கிறான் என்று எழுதியிருந்தாயே, அதற்காகச் சொல்கிறேன். அவன் திருநெல்வேலி டவுனுக்குள்ளேயே சுற்றுகிறவன் என்றால் ஆல்டோ போதும், என்னைப் பார்த்து டியாகோ வாங்க வேண்டாம்.

வரும் வெள்ளிக்கிழமை டெலிவரி. அத்தைக்குக் கொஞ்சம் மனத்தாங்கல், ஆனாலும் நான்கு எலுமிச்சம்பழம் வாங்கி வைத்துவிட்டார். தை மாதம் உன் வீட்டுக்கு வருகிறேன், ரயிலில்தான்.

அன்புடன்,
மல்லிகா