ராத்திரி சூட்டையும் பெருசா போடுங்க

ஆசிரியருக்கு வணக்கம். வெயில் காலம்னா பேப்பர்ல பகல் டெம்பரேச்சர்தான் பெரிய எழுத்துல வருது, ராத்திரியும் சூடு இறங்கலன்னா உடம்பு ஆறவே நேரம் கிடைக்காது, இதயம் விடாம உழைச்சுக்கிட்டே இருக்கும், வயசானவங்க அதுலதான் விழுந்துடறாங்க. 2003-ல ஐரோப்பாவுல வந்த வெப்ப அலையில சுமார் 70,000 பேர் இறந்தாங்க, நிறைய பேர் வீட்டுக்குள்ள தனியா இருந்த முதியவங்க. இறப்பு சர்டிபிகேட்ல ஹார்ட் அட்டாக், கிட்னி ஃபெயிலியர்னு எழுதிட்டா அந்த சாவு வெயில் கணக்குலயே வராது, எனக்கு ரொம்ப வேதனையா இருக்கறது இதுதான். காத்துல ஈரப்பதம் ஜாஸ்தியா இருந்தா வேர்வை காயாது, அப்போ 35 டிகிரியே ஆபத்து. பிபி மாத்திரை சாப்பிடறவங்க வெயில் காலத்துல அதை எப்படி சாப்பிடணும்னு டாக்டர்கிட்ட முன்னாடியே கேட்டுக்கணும், தானா நிறுத்தக் கூடாது. உடம்பு 40 டிகிரிக்கு மேல போய் ஆள் குழப்பமா பேசினா அது ஹீட் ஸ்ட்ரோக், ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணிட்டு சும்மா காத்திருக்காம உடம்பு முழுக்க தண்ணி ஊத்தி விசிறிக்கிட்டே இருக்கணும், மயக்கத்துல இருந்தா வாயில மட்டும் எதுவும் ஊத்திடாதீங்க. வானிலை பகுதியில ராத்திரி டெம்பரேச்சரையும் ஈரப்பதத்தையும் தினமும் பெருசா போடுங்க, தயவுசெஞ்சு.

— ஒரு வாசகர்