பலகை பழுதல்ல, முள் ஒதுக்கீடே பிழை

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழுந்து வாட்டும் தொட்டியின் ஈரப்பதத்தை அளக்க ஸிங்க்-7000 சிப் (செயலியும், நாமே சுற்று அமைத்துக்கொள்ளும் எப்.பி.ஜி.ஏ. பகுதியும் சேர்ந்தது) உள்ள மின்சுற்றுப் பலகையை எடுக்கும் மலையக மாணவர்கள், உணரி பதில் தராவிட்டால் பலகையையே குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் பிழை முள் ஒதுக்கீட்டில்தான், அதாவது சிப்பின் எந்த இணைப்பு முள் எந்த வேலைக்கு என்று குறிப்பதில்தான்.

செயலிக்கென உள்ள எம்.ஐ.ஓ. முட்கள் அதிகபட்சம் 54. இவற்றை, எப்.பி.ஜி.ஏ. பக்க முட்களைக் குறிக்கும் எக்ஸ்.டி.சி. கோப்பில் எழுதிப் பயனில்லை. விவாடோ என்ற வடிவமைப்பு மென்பொருளில் செயலியின் அமைப்புப் பக்கத்திலேயே ஒதுக்க வேண்டும். அந்த ஒதுக்கீட்டைச் சிப்பில் பதிப்பது, பலகை தொடங்கும்போது முதலில் ஓடும் நிரலான முதல்நிலை பூட்லோடர். எனவே முள்ளை மாற்றினால் வன்பொருள் கோப்பை மீண்டும் ஏற்றுமதி செய்து, பூட்லோடரையும் புதிதாகக் கட்ட வேண்டும். எப்.பி.ஜி.ஏ.வின் சுற்றை அமைக்கும் கோப்பான பிட்ஸ்ட்ரீமை மட்டும் மாற்றிவிட்டுக் காத்திருப்பது வீண்.

மின்னழுத்தத்தையும் பாருங்கள். எம்.ஐ.ஓ. முட்களில் 0 முதல் 15 வரை ஒரு வங்கி (ஒரே மின்னழுத்தத்தில் இயங்கும் தொகுதி), 16 முதல் 53 வரை மற்றொன்று. ஸிங்க் சிப் உள்ள ஸெட்போர்டு பலகையில் முதலாவது 3.3 வோல்ட், இரண்டாவது 1.8. பலகையின் முன்னமைப்பை ஏற்றாவிட்டால் விவாடோ இரண்டுக்கும் 3.3 என்றே காட்டும். திருத்துவது நம் வேலை. 7, 8ஆம் முட்கள் வெளியீட்டுக்கு மட்டுமே, பொத்தான் இணைக்க உதவா.

உணரியின் ஐ2சி எனும் இரு கம்பித் தரவு இணைப்பை எப்.பி.ஜி.ஏ. பக்கம் கொண்டுபோக இ.எம்.ஐ.ஓ. என்ற வழியைத் தெரிவுசெய்யலாம். இங்கேதான் எக்ஸ்.டி.சி. கோப்பு தேவை. இரு கம்பிகளுக்கும் 4.7 கிலோ ஓம் மேலிழு மின்தடை (கம்பியை மின்வழங்கலுடன் இணைப்பது) வையுங்கள். பிட்ஸ்ட்ரீம் ஏறும்வரை இந்தப் பாதை செத்த கம்பிதான். லினக்ஸ் அதற்குமுன் உணரியைத் தேடினால் கிடைக்காது.

இப்படிக்கு,
மின்னணுவியல் பயிற்றுநர்கள்,
ஹட்டன்.