நாற்பதைத் தாண்டியவர்கள் மாரத்தான் ஓடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நாற்பது வயதைக் கடந்தவர்களை மாரத்தானில் சேர்க்கவே கூடாது, ஆர்வக் கோளாறில் ஓடிவிட்டுப் பாதி வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுகிறார்கள் என்று சென்ற வாரம் இதே பகுதியில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருடைய பயம் எனக்குப் புரிகிறது. என் வீட்டுக்காரரும் முதலில் இதையேதான் சொன்னார். ஆனால் கடிதம் முழுக்க, ஓட்டம் நடக்கிற அந்த ஒரு நாளைப் பற்றித்தான் பேச்சு. அதற்கு முன்னால் நாலைந்து மாதம் பயிற்சி என்று ஒன்று இருப்பது அவர் கணக்கிலேயே வரவில்லை. மாரத்தானால் உடம்புக்குக் கிடைக்கிற லாபம் எல்லாம் அந்த மாதங்களில்தான் கிடைக்கிறது. பந்தய நாளில் கிடைப்பது ஒரு மெடலும் ஒரு டீ-ஷர்ட்டும்.

எனக்கு வயது 52. கூட்டுறவு வங்கி ஒன்றில் காசாளராக இருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் கோ-கோ ஆடியதோடு சரி, அப்புறம் ஓட்டம் என்றால் பஸ்ஸைப் பிடிக்க ஓடியதுதான். இப்போது கோவையில் டிசம்பரில் நடக்கும் 21.1 கி.மீ. அரை மாரத்தானும் ஓடியிருக்கிறேன், சென்னையில் ஜனவரியில் நடக்கும் 42.195 கி.மீ. முழு மாரத்தானும் ஓடியிருக்கிறேன். இரண்டிலும் கடைசிக் கூட்டத்தில்தான் வந்து சேர்ந்தேன். பலன் அதிகம் கிடைப்பது அந்தக் கடைசிக் கூட்டத்துக்குத்தான் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

முதலில் அவர் கேட்ட மாரடைப்புக் கணக்கு. அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை முழு மாரத்தானும் அரை மாரத்தானும் ஓடிய சுமார் 1 கோடியே 9 லட்சம் பேரின் விவரத்தை வைத்து ஓர் ஆய்வு 2012இல் வெளியானது. அத்தனை பேரில் இதயத்துடிப்பு நின்றுபோனது 59 பேருக்கு. அதில் 42 பேர் இறந்துபோனார்கள். 59 பேரில் 51 பேர் ஆண்கள். காரணம் தெரிந்த கேஸ்களில் பெரும்பாலானவர்களுக்கு இதயத் தசை தடித்துப்போவது, ரத்தக் குழாய் அடைப்பு என்று ஏற்கெனவே உள்ளே கோளாறு இருந்திருக்கிறது. லட்சம் பேருக்கு ஒருவர்கூட வராத கணக்குத்தான் என்றாலும், அந்த ஒருவர் நம் வீட்டு ஆளாக இருந்தால் இந்தக் கணக்கு ஆறுதல் தராது. அதனால்தான் எங்கள் ஓட்டக் குழுவில் நாற்பதைத் தாண்டி யார் வந்தாலும் முதலில் டாக்டரிடம் அனுப்புகிறோம். பி.பி., சர்க்கரை, ஈ.சி.ஜி., டாக்டர் சொன்னால் டிரெட்மில் டெஸ்ட். ஓடக் கூடாது என்று டாக்டர் சொன்னால் ஓடக் கூடாது, அவ்வளவுதான். சோதித்துக்கொள்ளாமல் ஓடக் கூடாது என்று அந்த வாசகர் எழுதியிருந்தால் நானும் கீழே கையெழுத்துப் போட்டிருப்பேன்.

இனி லாபக் கணக்கு. லண்டனில் 2016, 2017 மாரத்தான்களுக்கு முதல்முறையாகத் தயாரான 138 பேரை மருத்துவர்கள் பரிசோதித்தார்கள். நோய் இல்லாதவர்கள், ஆனால் ஓடிப் பழக்கமும் இல்லாதவர்கள். 21 வயதுக்காரரும் இருந்தார், 69 வயதுக்காரரும் இருந்தார். இதயத்திலிருந்து கிளம்புகிற பெரிய ரத்தக் குழாய் எவ்வளவு விறைத்திருக்கிறது என்று பயிற்சிக்கு முன்னால் ஒருமுறை, பந்தயம் முடிந்து மூன்று வாரத்துக்குள் ஒருமுறை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். வயதாக ஆக இந்தக் குழாய் விறைப்பது இயற்கை, பி.பி. ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம். முடிவு 2020இல் வெளியானது. மேல் பி.பி. சராசரியாக 4 புள்ளியும் கீழ் பி.பி. 3 புள்ளியும் இறங்கியிருந்தன. ரத்தக் குழாய்க்குக் கிட்டத்தட்ட 4 வயது குறைந்திருந்தது. அதற்காக அவர்கள் மலையைப் புரட்டவில்லை. வாரத்துக்கு ஏறத்தாழ 10 முதல் 20 கி.மீ. ஓடியிருக்கிறார்கள்.

இதில் அதிகப் பலன் யாருக்குத் தெரியுமா? வயது கூடியவர்களுக்கு, பி.பி. சற்று அதிகமாக இருந்தவர்களுக்கு, அப்புறம் மெதுவாக ஓடி முடித்தவர்களுக்கு. நாற்பதைத் தாண்டியவர்களை வெளியே நிறுத்தச் சொல்கிறாரே, இந்தப் பயிற்சி அதிகம் தேவைப்படுகிற ஆட்களே அவர்கள்தான்.

மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக என்று கேட்பார்கள். பக்கத்தில் ஓடுகிறவரிடம் மாமியார் கதையை மூச்சு வாங்காமல் முழு வாக்கியமாகச் சொல்ல முடிய வேண்டும். அந்த வேகத்தில்தான் வாரத்தின் பெரும்பாலான ஓட்டம். வேக ஓட்டம் வாரத்துக்கு ஒன்று இருந்தாலே அதிகம், எங்கள் வயதுக்காரர்களுக்கு அதுகூட முதல் சில மாதம் வேண்டாம். மெல்ல நெடுநேரம் ஓடும்போதுதான் கால் தசைக்குள் மெல்லிய ரத்த நாளங்கள் புதிதாகக் கிளைக்கின்றன, இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலாக ரத்தத்தைத் தள்ளப் பழகுகிறது. சும்மா இருக்கும்போது நாடித் துடிப்பு இறங்குவதை நாமே மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்க்கலாம். தசை வேலை செய்யும்போது இன்சுலின் துணை அதிகம் இல்லாமலே ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது என்று எங்கள் குழுவில் ஓடுகிற ஒரு டாக்டர் அண்ணா சொல்லித்தான் எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் சர்க்கரைக்காரர். இதைக் கேட்ட பிறகுதான் அவர் செருப்பை மாற்றி ஷூ போட்டார். அவர் ஓடுவதில்லை, நடக்கிறார். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் வெறும் வயிற்றில் கிளம்பக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும்.

நாங்கள் இருப்பது வடவள்ளியில். வார நாட்களில் வீட்டைச் சுற்றியே ஓட்டம். ஞாயிற்றுக்கிழமைதான் நீள ஓட்டம், தொண்டாமுத்தூர் ரோட்டில். மருதமலை அடிவாரப் பக்கம் வெளிச்சம் வராமல் போவதில்லை, ஆனை நடமாட்டம். சனி ராத்திரி வாட்ஸ்அப் குரூப்பில் வருகிற முதல் கேள்வி எத்தனை கிலோமீட்டர் என்பதல்ல, ஆனை எந்தப் பக்கம் என்பதுதான். குழுவில் டாக்டர் இருக்கிறார், ஆட்டோ ஓட்டுகிற தம்பி இருக்கிறார், ஃபவுண்டரியில் ராத்திரி ஷிஃப்ட் முடித்து நேராக வருகிற ஒருவர் இருக்கிறார். வங்கிக் கவுண்டருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக வாழ்ந்து பழகிய எனக்கு இப்படி ஒரு கூட்டம் வேறெங்கும் கிடைத்திருக்காது. ஆரம்பத்தில் எங்கள் தெருப் பாட்டி ஒருத்தர், "ஏஞ்சாமி, ஆரு உன்னையத் தொரத்தறாங்க?" என்று கேட்பார். இப்போது நான் வராவிட்டால் உடம்புக்கு என்ன என்று கேட்கிறார்.

நீள ஓட்டத்தில் என் பையில் இருப்பது இரண்டு கடலை மிட்டாய், நாலு பேரீச்சம்பழம், உப்பு சர்க்கரை போட்ட எலுமிச்சைத் தண்ணீர். உடம்பில் சேர்த்து வைத்திருக்கிற மாவுச்சத்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்காது, நடுவில் சாப்பிட்டே ஆக வேண்டும். ஓடும்போது சாப்பிடுகிற வெளிநாட்டு ஜெல் பாக்கெட்டை நான் குறை சொல்லவில்லை, என் வயிற்றுக்குக் கடலை மிட்டாய் ஒத்துக்கொள்கிறது. ஆனால் தாகம் இல்லாமல் வெறும் தண்ணீரைக் குடம் குடமாகக் குடிக்கக் கூடாது. ரத்தத்தில் உப்பு குறைந்து அதுவே ஆபத்தாகிவிடும். சென்னைக் கசகசப்பில் ஓடுகிறவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்று 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. எங்களோடு ஓட வந்த ஒரு டீச்சருக்கு 3 கிலோமீட்டரிலேயே மூச்சு வாங்கியது. வயசாச்சுங்க அக்கா என்று அவரே முடிவு கட்டிவிட்டார். ரத்தத்தைச் சோதித்தால் ஹீமோகுளோபின் 9க்குக் கீழே! டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார், வீட்டில் முருங்கைக்கீரையும் கேழ்வரகும் அதிகமானது. சில மாதத்தில் என்னை முந்திக்கொண்டு போக ஆரம்பித்துவிட்டார். பயிற்சி என்ற சாக்கில்லாமல் அவர் அந்த ரத்தப் பரிசோதனைக்குப் போயிருக்கவே மாட்டார். நம் வீடுகளில் எல்லோருக்கும் டெஸ்ட் எடுத்த பிறகுதானே அம்மாவின் முறை வருகிறது. மாதவிடாய் நிற்கிற வயதில் எலும்பு தேயத் தொடங்கும்போது, காலில் எடை தாங்கி ஓடுவது எலும்புக்கும் நல்லது.

மூட்டு தேய்ந்துவிடாதா என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2017இல் வந்த ஒரு கட்டுரையில், இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் ஆர்வத்துக்காக ஓடுகிறவர்களில் 3.5 சதவீதம், ஓடாதவர்களில் 10.2 சதவீதம், போட்டிக்காகவே ஓடுகிறவர்களில் 13.3 சதவீதம். எங்களைப் போன்ற ஆமைகள் தப்பித்துக்கொள்கிறோம். எனக்கு நஷ்டம் என்று பார்த்தால் கறுத்துப்போன இரண்டு கால்விரல் நகங்கள்.

வேலையில் தெரிந்த மாற்றத்தையும் சொல்ல வேண்டும். மாதத் தொடக்கத்தில் பென்ஷன் கூட்டம் முடிந்து, மூன்று மணிக்குமேல் கணக்கை நேர் செய்யும்போது கண் சொக்கும். ஒரு நூறு ரூபாய் இடிக்கும். திரும்ப முதலிலிருந்து எண்ண வேண்டியிருக்கும். இப்போது அந்தச் சொக்கல் இல்லை. காலை நாலரைக்கு எழ வேண்டுமென்றால் ஒன்பதரைக்குப் படுத்தே தீர வேண்டும், தூக்கம் தானாக வழிக்கு வந்துவிட்டது. சீரியல் மட்டும் போச்சு. அதற்காக யாரும் எனக்கு அனுதாபம் தெரிவிக்க வேண்டியதில்லை.

உங்களிடம் ஒரு கோரிக்கை. டிசம்பர், ஜனவரியில் மாரத்தான் படங்களை முதல் பக்கத்தில் போடுகிறீர்கள், சந்தோஷம். அதைப் பார்த்து ஆசைப்பட்டு, அடுத்த மாதமே எங்கோ ஒரு ஓட்டத்துக்குப் பணம் கட்டிவிட்டு நேராகப் போய் நிற்கிறவர்களைப் பார்த்தால்தான் எனக்கும் அந்த வாசகரைப் போலப் பயமாக இருக்கிறது. அதற்குப் பதிலாக ஜூலை கடைசியில் தொடங்கி, ஞாயிறுதோறும் ஒரு சின்னப் பத்தி போடுங்கள். இந்த வாரம் எவ்வளவு நடக்க வேண்டும், எவ்வளவு ஓட வேண்டும், எந்த வலிக்கு நிறுத்த வேண்டும், எந்த டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று ஒரு இதய மருத்துவரையும் ஒரு பயிற்சியாளரையும் கேட்டு எழுதச் சொல்லுங்கள். 2023இல் தமிழக அரசு தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தின் 8 கி.மீ. தூரத்தைச் சிரமமில்லாமல் நடக்க முடிகிறவர் எவரும் அந்தப் பத்தியைப் பார்த்து ஆகஸ்டில் தொடங்கலாம். டிசம்பர் அரை மாரத்தானுக்கு அது போதுமான அவகாசம். பத்தியைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள், எங்களில் பாதிப் பேர் கண்ணாடி போட்டவர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வடவள்ளி, கோயம்புத்தூர்.